குட்டைத் தண்ணீரும் இரண்டு பாட்டில் கார்டிசோனும்

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட சுந்தரம் இப்போது தியாகராய நகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். போன மாதம் அவன் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கண் சிவந்து வந்த ஒருவரிடம் டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினான். ஹார்மோன் சேர்ந்த மருந்து அது. அவர் போனதும் அவனைப் பிடித்துத் திட்டினேன். கண்ணில் அழுத்தம் ஏறும், பார்வையே போகும், மிட்டாய் மாதிரி விற்கிறாயே, உனக்கு இதைத்தானா சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, இந்த மருந்து வருவதற்கு முன்னால் கண் வீக்கத்துக்கு நீங்கள் என்னதான் கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டான்.

"பால்" என்றேன்.

"குடிக்கவா சார்?"

"இல்லடா. இடுப்புல ஊசி."

சுந்தரம் எதிர்க்கடையிலிருந்து எனக்கு ஒரு சோடா வரவழைத்தான். வெயிலில் வந்ததில் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் சொல்வதில் ஒரு சொட்டுகூடக் கற்பனை கிடையாது.

என் பெயர் கரீம். திருவல்லிக்கேணிக்காரன். கம்பவுண்டர் பரீட்சை தேறி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருஷம் களிம்பு அரைத்தேன், லேபிள் ஒட்டினேன், ஏச்சு வாங்கினேன். அதோடு படிப்பு முடிந்தது. யுத்தம் தொடங்கிய சமயத்தில் மயிலாப்பூரில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்பது பெரிய வார்த்தை. பழைய வீடு ஒன்று. முன்ஹாலில் பெஞ்சுகள், நடு அறையில் டாக்டர், பின்கட்டில் ஆறு கட்டில், அதற்கும் பின்னால் கிணறு, ஒரு வேப்பமரம்.

டாக்டரை சேஷாத்ரி என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர். ஆனால் மனிதர்களின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். அவருக்கு நோயாளி என்றால் கண், அவ்வளவுதான். கதவைத் திறந்து, "அந்த இடது கண்ணை வரச் சொல்லு" என்பார். உள்ளே போனவர் தன் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதைச் சொன்னால், "மேலே பாரு, கீழே பாரு" என்று பதில் வரும். அவர் கோபித்துச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். ஒரு நிமிஷத்துக்குமேல் போனால் நான் மருந்தறைக்குள் புகுந்துவிடுவேன்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். கண்மணியைச் சுற்றியிருக்கும் திரையில் வீக்கம் கண்டு, கண் செக்கச்செவேல் என்று ஆகி, வெளிச்சம் பட்டாலே குத்துகிற வியாதி ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்டால் திரை பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், பார்வை போய்விடும். அந்தக் காலத்தில் இதற்கு நேரான மருந்து கிடையாது. ஆனால் நோயாளிக்குக் கடுமையான ஜுரம் வந்தால் கண் வீக்கம் வடிகிறது என்று யாரோ கவனித்திருக்கிறார்கள். ஆகவே ஜுரத்தை வரவழைக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி பசும்பாலை ஊசியில் ஏற்றுவது. சீமையில் செய்தார்கள், நாங்களும் செய்தோம். ஜுரத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவருக்கும் தெரியாது.

செய்முறை என் கையில். காலையில் வந்த பாலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கொதிநீரில் பத்து நிமிஷம் நிறுத்துவேன். மேலே படியும் ஆடையைச் சுத்தமாக எடுத்துவிடுவேன். ஆடை இருந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். உடம்புச் சூட்டுக்கு ஆறியதும் ஐந்து சிசி எடுத்து இடுப்பின் வெளிப்பக்கத்தில் ஆழமாகப் போடுவேன். நாலு மணி நேரத்தில் குளிர் எடுக்கும். கட்டில் ஆடும். மூன்று கம்பளி போர்த்துவேன். பிறகு மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் வைத்து எழுதுவேன். நூற்றுமூன்றைத் தொட்டால் டாக்டர் தலையை அசைப்பார்.

உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் ஜுரம் வந்ததற்குச் சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்களிடம் அது தினசரிக் காட்சி. பக்கத்துக் கட்டில்காரருக்கு நூற்றுமூன்று என்றால் இந்தக் கட்டில்காரரின் சம்சாரத்துக்கு முகம் சுருங்கிவிடும். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் தொண்ணூற்றொன்பதிலேயே நிற்கிறது, நீங்கள் சரியாகக் குத்தவில்லையா என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ஒரு சமஸ்கிருத வாத்தியார், நான் தொட்ட தண்ணீரைக்கூடக் குடிக்காதவர், ஏகாதசியன்று ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று குப்புறப் படுக்க மறுத்தார். பட்டினி கிடக்கிற நாளில் பால் உள்ளே போகலாமா என்று அவருக்குச் சந்தேகம். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு மறுநாள் வந்தார். வாய் வழியாகப் போனால்தான் ஆகாரமாம்; இடுப்பு வழியாகப் போவதைப் பற்றிச் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லையாம். நான் காய்ச்சிய பாலை நானே குத்தினேன். அவருக்கு நூற்றுநாலு வந்தது.

இந்தப் பாலைக் கொண்டுவந்தவன் ஏழுமலை. மயிலாப்பூரிலும் அபிராமபுரத்திலும் முப்பது வீட்டுக்குப் பால் ஊற்றினான். நல்ல உயரம், வெற்றிலை வாய். பாலில் தண்ணீர் கலப்பதில்லை என்று தினம் ஏதாவது ஒரு வாசலில் அம்மன் பெயரில் சத்தியம் செய்துகொண்டிருப்பான். பத்து வருஷம் போல் அந்தப் பாலைத்தான் குத்தினோம். நன்றாக ஜுரம் வந்தது, கண்கள் பிழைத்தன.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். டாக்டர் எங்கிருந்தோ தண்ணீர் கலந்த பாலில் ஆழமாக இறங்கிக் காட்டிக்கொடுக்கிற லாக்டோமீட்டர் ஒன்று வாங்கி வந்தார். ஏழுமலையின் பாலில் விட்டார். அது பொத்தென்று இறங்கியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து நிமிஷம் துடைத்தார். அன்றோடு செம்பில் பால் வருவது நின்றது. மாட்டையே ஓட்டிவர வேண்டும்; வேப்பமரத்தடியில் கட்ட வேண்டும்; மடியையும் ஏழுமலையின் கையையும் கார்பாலிக் சோப்புப் போட்டு நான் நின்று கழுவவைக்க வேண்டும்; கொதிக்கவைத்த கண்ணாடிக் குடுவைக்குள் நேராகக் கறக்க வேண்டும். இது உத்தரவு. இரண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் நோயாளிகள் ஜன்னலுக்கு வெளியே மாடு கத்துவதைக் கேட்டு, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோமா என்று என்னிடம் விசாரித்தார்கள்.

அந்த வாரத்திலிருந்து ஜுரம் வரவில்லை.

ஒருவருக்கும் வரவில்லை. ஐந்து சிசியைப் பத்தாக்கினோம். இடுப்பு வீங்கியது, தெர்மாமீட்டர் அசையவில்லை. டாக்டர் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை போடச் சொன்னார், பிறகு நிறுத்தச் சொன்னார். ஒரு நாள் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய் மாட்டின் கண்ணைப் பரிசோதித்தார். கண் நன்றாக இருந்தது. இவ்வளவு சுத்தமான பாலுக்கு மயிலாப்பூர் உடம்புகள் ஏன் கோபப்பட மாட்டேன் என்கின்றன என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

கோபம் வந்தது மாட்டுக்குத்தான். காம்பில் வெடிப்பு இருந்திருக்கிறது. கார்பாலிக் சோப்பு அதில் பட்டு எரிந்திருக்கிறது. ஒரு காலையில் ஏழுமலை குனிந்து கழுவிக்கொண்டிருந்தபோது மாடு தலையைத் திருப்பி ஒரு வீசு வீசியது. கொம்பு அவன் இடது கண்ணில் ஏறியது. நான் இரண்டடி தள்ளிக் குடுவையோடு நின்றிருந்தேன். சோப்பை எடுத்துக் கொடுத்த கை இந்தக் கைதான். என் வீட்டுக்கு அந்த சோப்பை இன்றுவரை நான் வாங்கியதில்லை.

டாக்டர் பத்து நிமிஷத்தில் தையல் போட்டார். பத்தாவது நாள், அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றார். குத்துப்பட்ட கண்ணை விட்டுவைத்தால் சில பேருக்குச் சில வாரங்களில் நல்ல கண்ணிலும் அழற்சி தொற்றிக்கொள்ளும், அப்புறம் இரண்டும் போகும் என்று என்னிடம் சொல்லி, அவனுக்கு விளக்கச் சொன்னார். விளக்கினேன். கண்ணைக் காப்பாற்று என்று வந்தால் பிடுங்குகிறேன் என்கிறீர்களே பாய், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுவிட்டு ஏழுமலை எழுந்து போய்விட்டான். வேளச்சேரியில், அப்போது வயல்காடு, மச்சான் வீட்டில் தங்கிப் பச்சிலைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தானாம்.

ஏழு வாரம் கழித்து அவன் மனைவி கன்னியம்மா அவனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். வலது கண் கோவைப்பழமாக இருந்தது. டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். எட்டடியில் விரல் எண்ணத் தெரிந்தது, அவ்வளவுதான் பாக்கி. கன்னியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாட்டைக் கறக்க எனக்குத் தெரியும் பாய். நான் பொழச்சுக்குவேன். இவுரு இருட்டுல குந்திக்கினு இன்னா பண்ணுவாரு? ரெண்டு நாள்ல குட்டையில வுழுந்துடுவாரு" என்றாள்.

அவனுக்கும் பால் ஊசி போட்டோம். அவன் மாட்டுப் பாலேதான், சுத்தமாகக் கறந்தது. ஜுரம் வரவில்லை. இரண்டாவதும் போட்டோம். வரவில்லை. மூன்றாம் நாள் விரல் எண்ணிக்கை ஐந்தடிக்கு இறங்கியது. அன்று சாயங்காலம் கண்ணில் மருந்து விட நான் குனிந்தபோது ஏழுமலை என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"பாய், ஒண்ணு சொல்றேன். ஐயாகிட்ட சொல்லிடாத. முன்னெல்லாம் ஜொரம் வந்துச்சே, அது பாலுக்கு வர்ல. தண்ணிக்கு வந்துச்சு."

"எந்தத் தண்ணி?"

"கொட்டாய்க்குப் பின்னால குட்டை கீதே, எருமைங்க படுத்துக்கினு கெடக்கும், அந்தத் தண்ணி. எனக்கும் அதைச் சேத்தே குத்திடு பாய்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. பத்து வருஷமாக மயிலாப்பூரின் வக்கீல்களுக்கும் வாத்தியார்களுக்கும் எருமை படுத்த குட்டையைக் காய்ச்சிக் குத்தியிருக்கிறேன்! டாக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் கதவை நோக்கி ஒரு அடி வைத்துவிட்டேன். வெகுநேரம் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"அந்தக் குட்டையில இப்போ தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் நான் கோட்டும் தொப்பியுமாகப் போய், இரண்டு எருமைகளை விலக்கி, கண்ணாடிக் குடுவையில் குட்டைத் தண்ணீர் எடுத்துவந்தேன். பழைய பாலுக்கு லாக்டோமீட்டர் எங்கே நின்றது என்று டாக்டர் நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்தக் கோட்டுக்கு இறங்குகிறவரை தண்ணீரை ஊற்றச் சொன்னார். கலப்படத்தைப் பிடிக்க வாங்கிய கருவியை வைத்துக்கொண்டு, கலப்படம் போதுமா என்று இருவரும் குனிந்து பார்த்தோம். காய்ச்சினேன். குத்தினேன். நாலரை மணி நேரத்தில் ஏழுமலைக்கு நூற்றுநாலு! கன்னியம்மா வார்டு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள்.

காய்ச்சினால் கிருமி செத்துவிடும், ஆனால் செத்த கிருமியின் நஞ்சு தண்ணீரிலேயே தங்கும், ஜுரத்தைக் கொண்டுவந்தது அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது அதெல்லாம் யோசிக்க நேரமில்லை. இரண்டு நாள் கண் தெளிந்தது. பிறகு மறுபடி சிவந்தது. இரண்டாம் தடவை குத்தியபோது ஜுரம் நூற்றொன்றோடு நின்றது. மூன்றாம் தடவை வரவே இல்லை. குட்டைக்கும் உடம்பு பழகிவிட்டது. விரல் எண்ணிக்கை மூன்றடி.

அந்த வாரம் டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது, அதிலிருந்து வருகிற ஹார்மோனை அமெரிக்காவில் தனியாகச் செய்து மூட்டு வாதக்காரர்களுக்குக் குத்தியிருக்கிறார்கள், படுக்கையில் கிடந்தவர்கள் நாலு நாளில் எழுந்து நடந்தார்களாம் என்றார். அழற்சி எங்கே இருந்தாலும் இந்த ஹார்மோன் அதை அமுக்குகிறது என்பது அவர் ஊகம்.

"நாம இத்தனை வருஷமா என்ன பண்ணிண்டிருந்தோம் தெரியுமா கரீம்? அந்தச் சுரப்பியைக் கல்லால அடிச்சுண்டிருந்தோம். ஜுரத்துல மிரண்டுபோய் அது கொஞ்சம் கொடுத்தது. கண் பிழைச்சது."

கண்ணுக்கு யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். கண் என்று ஒரு வரிகூட அதில் இல்லை என்றார். "வீக்கம் வீக்கம்தானே" என்றும் சொன்னார். கார்டிசோன் என்ற பெயரை நான் கேட்டது அன்றுதான். சென்னையில் எந்தக் கடையிலும் அது கிடையாது. ஆனால் ஒரு வீட்டில் இருந்தது.

அபிராமபுரத்தில் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர் நாலு வருஷமாக மூட்டு வாதத்தில் படுத்த படுக்கை. முழங்கால் மடங்காது, விரல் நீளாது. அமெரிக்காவில் டாக்டராக இருந்த மாப்பிள்ளை, தெரிந்தவர் ஒருவரிடம் விமானத்தில் ஆறு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டாவது வாரம் ஜட்ஜ் தானாக நடந்து கோயிலுக்கு வந்தார். மயிலாப்பூரே வாயைப் பிளந்தது. நாங்கள் இருவரும் டாக்டரின் சின்னக் காரில் கிளம்பினோம். வழியில் டாக்டர், இந்த மருந்தை மாட்டின் பித்தத்திலிருந்து செய்கிறார்களாம் என்றார். நான் திடுக்கிட்டு, ஜட்ஜுக்குத் தெரியுமா என்றேன். "நான் படிச்சேன், மறந்துட்டேன். நீயும் மறந்துடு" என்றார்.

ஜட்ஜ் எங்கள் முன்னால் ஹாலில் மூன்று தடவை நடந்து காட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார். எழுபது வயதில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபின் கேட்கவே கூச்சமாக இருந்தது. டாக்டர் கேட்டார். என் சர்வீஸில் அவர் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்று ஒரு தடவைதான். இரண்டு பாட்டில் மிச்சம் இருந்தன. ஒன்று கொடுத்தால் போதும் என்றார் டாக்டர். யார் நோயாளி என்று ஜட்ஜ் கேட்டார். பால்காரன் ஏழுமலை என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படுக்கையில் விழுவதற்கு முன்னால் பதினோரு வருஷம் தினம் காலையில் வாசலில் நின்று ஏழுமலையைக் குறுக்கு விசாரணை செய்தவர் அவர். எத்தனையோ கேடிகளை ஒப்புக்கொள்ளவைத்த மனிதரால் ஒரு சொட்டுத் தண்ணீரை ஒப்புக்கொள்ளவைக்க முடியவில்லை. படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். "நாளைக்குக் காலம்பற அவனை அழைச்சுண்டு வாங்கோ. விசாரிக்கணும்" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். கார் ஏறும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தன் கண் மணிக்கு மணி அவிந்துகொண்டிருக்கிறது, இந்த மனுஷர் கோர்ட் விளையாட்டு விளையாடுகிறார் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஜட்ஜ் பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தூணோரமாக நின்றார். ஏழுமலையை நடு ஹாலில் நிறுத்தினேன். சத்தம் வந்த திசைக்குக் கும்பிட்டான். பெயர், தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் ஒழுங்காகக் கேட்கப்பட்டன. பிறகு அந்தக் கேள்வி வந்தது: பாலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாய்? பொய்ச் சத்தியம் செய்ததை இப்போது ஒப்புக்கொண்டால் அம்மன் மிச்சக் கண்ணையும் எடுத்துக்கொள்வாள் என்று வழியெல்லாம் என்னிடம் புலம்பிக்கொண்டு வந்தவன் ஏழுமலை. வேர்வை வழிய நின்றான்.

"எட்டுக்கு ரெண்டு சாமி" என்றான். "நோம்பு நாள்ல எட்டுக்கு நாலு."

"என்ன தண்ணி?"

ஏழுமலை என் பக்கம் முகத்தைத் திருப்பினான். நான் தரையைப் பார்த்தேன். குட்டையையும் சொன்னான், எருமையையும் சொன்னான். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். ஜட்ஜ் சிரிக்க ஆரம்பித்தார். கோட்டுப் பொத்தான் தெறிக்கிற மாதிரி, இருமல் வருகிறவரை சிரித்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்: எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டதால், இனி உயிர் உள்ளவரை இரண்டு கண்ணில் ஒரு கண்ணோடாவது இருந்து, தான் கறக்கும் பாலைத் தானே பார்த்துக்கொள்ளும்படி தண்டனை விதிக்கப்படுகிறது. அலமாரியைத் திறந்து இரண்டு பாட்டிலையும் எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் ஒன்று போதும் என்றார். பாதித் தண்டனை கொடுத்துப் பழக்கமில்லை என்றார் ஜட்ஜ். திரும்பி வந்திருந்த மனைவி, ரெண்டையுமா என்று பதறினார். மாப்பிள்ளை அடுத்த மாசம் அனுப்புகிறார், பேசாமல் இரு என்று அவரை அடக்கினார்.

பாட்டிலைக் குலுக்கினால் உள்ளே வெள்ளை வெளேர் என்றிருந்தது. இதுவும் பால்தானா என்று கன்னியம்மா கேட்டாள். தினம் இடுப்பில் ஒரு ஊசி. அதோடு கண்ணிலேயே விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் தீர்மானித்தார். எவ்வளவு காரமாக விடலாம் என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு காய்ச்சி ஆறிய உப்புநீர் கலக்கச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் கலந்தேன். ஏழுமலை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தான். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாததா?

"பாய், தண்ணியா ஊத்துற?"

"ஆமா."

"எத்தினிக்கு எத்தினி?"

"ஒண்ணுக்கு நாலு."

"அடப்பாவி, நானே அவ்ளோ ஊத்தினது இல்லியே" என்றான். வார்டில் எல்லோரும் சிரித்தோம். டாக்டர் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியவர், துடைக்காமலே மாட்டிக்கொண்டார்.

மணிக்கு ஒரு சொட்டு விட்டேன். இரண்டாம் நாள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கவில்லை. மூன்றாம் நாள் சிவப்பு ஓரத்துக்கு ஒதுங்கியது. டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்து, மறுபடி பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே மூடுபனி மாதிரி இருந்தது விலகியிருந்தது. ஆறாம் நாள் ஏழுமலை என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா பாய், தாடி இப்டி நரைச்சுப்போச்சு?" என்றான். நான் மருந்தறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு பாட்டிலோடு நிறுத்திப் பார்த்தோம். நாலாம் நாள் கண் மறுபடி சிவந்தது. இரண்டாவது பாட்டிலைத் திறந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசிச் சொட்டுவரை விட்டு முடித்தபோது அழற்சி அடங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஏழுமலை அந்த ஒரு கண்ணோடு மாட்டை ஓட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. அமெரிக்காவிலிருந்து பாட்டில் வரவில்லை. ஜட்ஜுக்கு முதலில் முழங்கால் பிடித்தது, அப்புறம் தோள், அப்புறம் விரல். இந்த மருந்து நோயை அமுக்கிவைக்கும், வேரோடு எடுக்காது. நிறுத்தினால் திரும்பி வரும். டாக்டர் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். மூன்றாம் தடவை போய் அந்த விரல்களைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. வாரம் ஒருமுறை வலி மருந்தும் தைலமும் கொடுத்து என்னை அனுப்பினார். ஏழுமலை தினம் காலையில் அந்த வீட்டு வாசலில் மாட்டைக் கட்டிக் கறந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த மருந்து சென்னைக் கடைகளுக்கு வர இன்னும் ஒன்றரை வருஷத்துக்குமேல் ஆயிற்று. அதற்குள் அவர் விரல்கள் இறுகி, எந்த மருந்துக்கும் பிரியாத நிலைக்குப் போய்விட்டன.

நாங்கள் பாட்டில்களை வாங்கி வந்த மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம். தைலம் தேய்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, மனசு கேட்காமல், மருந்து கட்டாயம் சீக்கிரம் வந்துவிடும் ஐயா, எங்களால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம் என்றேன். அவர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். அலமாரியில் மூன்றாவது சட்டப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். உள்ளே ஒரு விமானத் தபால் இருந்தது. மாப்பிள்ளை எழுதியது. படி என்றார். மன்னிக்க வேண்டும், இங்கேயே நோயாளிகளுக்குக் கிடைக்கவில்லை, இனி ஒரு பாட்டில்கூட அனுப்ப வழியில்லை, இருக்கிற இரண்டையும் குறைந்த அளவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டு சமாளியுங்கள் என்று இருந்தது. மேலே சென்னையில் வந்து சேர்ந்த தேதிக்கான தபால் முத்திரையைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். நாங்கள் மருந்து கேட்டுப் போனதற்கு நாலு நாள் முன்னாலேயே அந்தக் கடிதம் அவர் கைக்கு வந்திருந்தது.

"அப்பவே தெரியுமா ஐயா?" என்றேன்.

"தெரியும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உங்க டாக்டர் வாங்கிண்டு போயிருப்பாரா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கோர்ட் விளையாட்டு என்று அன்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்கு என் அழுகை பிடிக்கவில்லை. ஆத்துக்காரி காப்பி எடுத்துண்டு வந்துடுவா, கண்ணைத் துடைச்சிண்டு அதை மடிச்சு உள்ளே வை என்று அதட்டினார். மடிப்பு கோணலாகப் போயிற்று. பிரித்து, மறுபடி மடித்து, புத்தகத்துக்குள் வைத்தேன்.